பின்கோடு 609 என்றால் தமிழ்நாடா, புதுச்சேரியா? கோட்டுச்சேரிமேட்டை வைத்து ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைன்’ புரிந்துகொள்வது எப்படி?

காரைக்கால் மாவட்டம் கோட்டுச்சேரிமேட்டில் இருந்து பெயிண்ட், பைப் ஏற்றிய ஒரு ‘குட்டி யானை’ வண்டி வடக்கே கிளம்பினால், நண்டலாற்றைத் தாண்டி பொறையாருக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்தச் சில கிலோமீட்டருக்குள் அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தை விட்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஓட்டுநருக்கு இது தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். கடையில் பில் போடும் சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலே, பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதும் ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மாடலிங் அண்ட் டிசைன்’ பாடத்தின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

சுருக்கமாக

- நிஜ உலகில் உள்ள பொருட்கள், ஆட்கள், உறவுகள், விதிகளை சாஃப்ட்வேருக்குப் புரியும்படி பிரித்து அடுக்குவதுதான் மாடலிங்.
- மாடல் தப்பானால் கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும்.
- காரைக்கால் போன்ற ஊர்கள், ஒரு மாடல் சரியா தப்பா என்று சோதிக்க நல்ல உரைகல்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

உதாரணத்துக்கு, கோட்டுச்சேரிமேட்டில் ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒரு ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்குச் சரக்கு, வரி 18 சதவீதம். வாங்குபவர் காரைக்கால் டவுனில் உள்ள வியாபாரி என்றால், மத்திய ஜிஎஸ்டி 900 ரூபாய், புதுச்சேரியின் மாநில ஜிஎஸ்டி 900 ரூபாய். அதே சரக்கை பொறையாரில் உள்ள, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரியின் கடையில் இறக்கினால், அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. ஐஜிஎஸ்டி 1,800 ரூபாய் போட வேண்டும்.

இரண்டு பில்லிலும் மொத்தம் 11,800 ரூபாய்தான். அதனால் பில்லைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. பணம் போய்ச் சேரும் கஜானாதான் மாறுகிறது.

சாஃப்ட்வேர் தப்பாக சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டால், பொறையார் வியாபாரி புதுச்சேரியின் எஸ்ஜிஎஸ்டியைத் தன் கணக்கில் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடியாது. கடைக்காரர் சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதை ரீஃபண்ட் கேட்க வேண்டும். இந்த மாதிரி மாற்றிக் கட்டியதற்கு வட்டி கிடையாது என்று சட்டம் சொல்வது ஒரு ஆறுதல். ஆனாலும் அதுவரை கடையின் பணம் முடங்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருப்பதால் பதிவு எடுக்காத சின்னக் கடையாக இருந்தாலும், வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், சில விலக்குகள் தவிர, ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கோட்டுச்சேரிமேட்டுக் கடைக்கு ‘வெளிமாநிலம்’ என்பது ரயில் ஏறிப் போகிற தூரத்தில் இல்லை, அடுத்த ஊரிலேயே இருக்கிறது.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மாடலிங் என்றால் என்ன?

ஈஸியா சொல்லணும்னா, சாஃப்ட்வேரை ஒரு நீளமான கட்டளைப் பட்டியலாகப் பார்க்காமல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ‘பொருட்களாக’ப் பார்ப்பது. தமிழில் இதை ‘பொருள்நோக்கு’ முறை என்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும், அதாவது ஆப்ஜெக்ட்டுக்கும், மூன்று விஷயங்கள் உண்டு. அது யார் என்ற அடையாளம், அதற்குத் தெரிந்த தகவல்கள், அது செய்யும் வேலைகள். கடைக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு ஆப்ஜெக்ட். ‘வாடிக்கையாளர்’ என்ற பொதுவான வார்ப்பு ஒரு கிளாஸ். இட்லித் தட்டு கிளாஸ் என்றால், அதில் வேகும் ஒவ்வொரு இட்லியும் ஆப்ஜெக்ட்.

இதில் மாடலிங் என்பது நிஜத்தைப் புரிந்துகொள்ளும் வேலை. எவையெல்லாம் இருக்கின்றன, எது எதோடு தொடர்புடையது என்று அதில் கண்டுபிடிக்கிறோம். டிசைன் அதற்கு அடுத்த படி. எந்தப் பொறுப்பை எந்த ஆப்ஜெக்ட் தலையில் கட்டுவது என்று அங்கே முடிவு செய்கிறோம். கோடு எழுதுவது மூன்றாவதாக வருகிறது. பல மாணவர்கள் நேராக மூன்றாவதில் குதிப்பதுதான் பிரச்சனை.

இது எங்கிருந்து வந்தது?

1960-களில் நார்வேயில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற எண்ணங்கள் ‘சிமுலா 67’-ல் தெளிவான வடிவம் பெற்றன. இதற்காக இருவருக்கும் 2001-க்கான டியூரிங் விருது கிடைத்தது. ஆக, இந்த முறை பிறந்ததே நிஜத்தை அப்படியே பிரதி எடுத்துப் பார்க்கும் தேவையில் இருந்துதான்.

பிறகு அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவின் ஸ்மால்டாக், ஸ்ட்ரவுஸ்ட்ரப்பின் சி பிளஸ் பிளஸ், 1995-ல் ஜாவா என்று இது பரவியது. 1991-ல் ஜேம்ஸ் ரம்பாவும் சகாக்களும் எழுதிய பாடநூலின் பெயரே ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மாடலிங் அண்ட் டிசைன்’. அதே ரம்பா, கிரேடி பூச், ஐவர் ஜேக்கப்சன் மூவரும் சேர்ந்து வளர்த்த வரைபட மொழிதான் யூஎம்எல். 1997-ல் அது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

முதல் படி: பெயர்ச்சொல், வினைச்சொல்

கடைக்காரர் தன் வேலையைத் தன் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வதுதான் பழைய, இன்றும் பலிக்கும் வழி.

“வாடிக்கையாளர் சரக்கு கேட்பார். பில் போடுவோம். எந்த ஊருக்கு டெலிவரின்னு பார்த்து வரி போடுவோம். வண்டியில ஏத்தி அனுப்புவோம்.”

இதில் பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டால் வாடிக்கையாளர், சரக்கு, பில், ஊர், வரி, வண்டி. இவை கிளாஸ் ஆகத் தகுதியுள்ளவை. வினைச்சொற்கள் கேட்பது, பில் போடுவது, வரி போடுவது, அனுப்புவது. இவை யாரோ ஒருவரின் பொறுப்பு ஆகவேண்டியவை.

எல்லாப் பெயர்ச்சொல்லும் கிளாஸ் ஆகிவிடாது. வண்டியின் நம்பரை மட்டும் பில்லில் குறித்தால் போதும் என்றால், வண்டி என்பது பில்லில் ஒரு கட்டம், அவ்வளவுதான். எந்த வண்டி எங்கே இருக்கிறது, எத்தனை நடை போனது என்று கடைக்காரர் பார்க்க விரும்பினால், அப்போது வண்டி தனி கிளாஸ். கடைக்கு எது தேவையோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதற்குத்தான் ‘அப்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று பெயர்.

மேலே சொன்ன வாக்கியங்களில் முக்கியமான சொல் ‘ஊர்’. எல்லாச் சிக்கலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

பின்கோடை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கலாமா?

பல படிவங்களில் பின்கோடைப் போட்டதும் மாநிலம் தானாக நிரம்புவதைப் பார்த்திருப்போம். பின்கோடின் முதல் இரண்டு எண்களைப் பார்த்து 60 முதல் 64 வரை என்றால் ‘தமிழ்நாடு’ என்று எழுதிவிடுவது புரோகிராமருக்குச் சுலபம். பெரும்பாலான முகவரிகளுக்கு அது சரியாகவும் வரும்.

இப்போது இந்த எண்களைப் பாருங்கள்.

- மயிலாடுதுறை: 609001. தமிழ்நாடு.
- காரைக்கால்: 609602. புதுச்சேரி.
- விழுப்புரம்: 605602. தமிழ்நாடு.
- புதுச்சேரி நகரம்: 605001. புதுச்சேரி.
- மாஹே: 673310. கேரளத்தின் எண் வரிசை, ஆனால் புதுச்சேரி.
- யானம்: 533464. ஆந்திராவின் எண் வரிசை, ஆனால் புதுச்சேரி.

1972-ல் அறிமுகமான பின்கோடு, கடிதம் எந்த வழியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உண்டானது. தபால்காரருக்கு மயிலாடுதுறையும் காரைக்காலும் ஒரே பாதை, அதனால் இரண்டுக்கும் 609. வரி அதிகாரிக்கு இரண்டும் வேறு. ஒரு வேலைக்காக உருவான எண்ணை இன்னொரு வேலைக்கு ஆதாரமாக எடுப்பதுதான் இங்கே நடக்கும் மாடலிங் தவறு.

அப்படின்னா சரியான மாடல் எது? ‘முகவரி’ என்ற கிளாஸுக்கு ‘பின்கோடு’ ஒரு தகவல். ‘மாநிலம்’ என்பது அதனோடு தொடர்புடைய தனி ஆப்ஜெக்ட். பின்கோடை வைத்து மாநிலத்தை யூகித்துக் காட்டலாம், ஆனால் அதை மாற்ற ஆளுக்கு வழி இருக்க வேண்டும். வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் இன்னொரு உறுதியான சாட்சியும் உண்டு. அவருடைய ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பதிவு செய்த மாநிலத்தின் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34.

பெயர் மாறினால் ஆள் மாறுமா?

அடுத்த பாடம் அடையாளம். ‘பாண்டிச்சேரி’ 2006-ல் ‘புதுச்சேரி’ ஆனது. பெயரையே அடையாளமாக வைத்திருக்கும் சாஃப்ட்வேருக்கு இவை இரண்டு வேறு இடங்கள். பழைய வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் இன்னொரு பக்கம் என்று கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

பொறையாரையே எடுத்துக்கொண்டால், அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதும் அதற்குள் வந்தது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது, அது சேர்ந்திருக்கும் மாவட்டம்தான் மாறியது. மாடலில் ‘ஊர்’ என்ற ஆப்ஜெக்ட் ‘மாவட்டம்’ என்ற ஆப்ஜெக்ட்டைச் சுட்டிக்காட்டினால், ஒரு இணைப்பை மாற்றினால் வேலை முடிந்தது. ‘பொறையார், நாகப்பட்டினம் மாவட்டம்’ என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் முகவரியிலும் எழுத்தாகவே அடித்து வைத்திருந்தால், அத்தனையையும் தேடித்தேடித் திருத்த வேண்டும்.

அதனால் பெயர், மாவட்டம், போன் நம்பர் போன்றவை மாறக்கூடிய தகவல்கள். அடையாளத்துக்கு மாறாத ஒரு தனி எண் வேண்டும்.

‘மாநிலம்’ என்பது ஒரே கட்டமா?

இதே சிக்கல் கல்லூரி விண்ணப்பத்தில் வந்தால் ஒரு மாணவரின் படிப்பையே தொடும்.

கோட்டுச்சேரி பகுதியிலேயே, திருவேட்டக்குடியில், 2010-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்ஐடி-யின் வளாகம் இருக்கிறது. என்ஐடி-களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. கலந்தாய்வில் ‘சொந்த மாநிலம்’ என்பது வீடு இருக்கும் மாநிலம் கிடையாது. பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முதல்முறை தேர்ச்சி பெற்றாரோ, அதுதான் கணக்கு.

அதாவது, கோட்டுச்சேரிமேட்டில் வீடு, பொறையார் பள்ளியில் பிளஸ் டூ என்றால், அந்த மாணவர் கலந்தாய்வில் தமிழ்நாட்டுக்காரர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஐடி-க்கு அவர் வெளிமாநிலத்தவர், திருச்சி என்ஐடி-க்கு சொந்த மாநிலத்தவர்.

பாடத்திட்டத்தை வைத்தும் மாநிலத்தை யூகிக்க முடியாது. புதுச்சேரிக்கென்று தனிக் கல்வி வாரியம் இல்லை. புதுச்சேரி, காரைக்கால் பள்ளிகள் தமிழ்நாடு வாரியத்தையும், மாஹே கேரள வாரியத்தையும், யானம் ஆந்திர வாரியத்தையும் நீண்டகாலம் பின்பற்றின. சமீப ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறின. காரைக்காலில் தமிழ்நாடு வாரியத்தில் படித்தவர் புதுச்சேரியில்தான் தேர்ச்சி பெற்றவர்.

ஆக, ‘மாணவர்’ என்ற கிளாஸில் ‘மாநிலம்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் அது எந்த மாநிலம்? வீடு இருக்கும் மாநிலமா, படித்த மாநிலமா? மாடலில் இவை இரண்டு தனி உறவுகள். மாணவர் ‘வசிக்கும்’ முகவரி ஒன்று. மாணவர் ‘தேர்ச்சி பெற்ற’ பள்ளி ஒன்று, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் ஒன்று. இரண்டும் ‘மாநிலம்’ என்ற ஒரே கிளாஸைச் சுட்டினாலும், உறவின் பெயர் வேறு. வகுப்பில் ‘அசோசியேஷன்’, ‘ரோல்’ என்று சொல்லித்தருவது இதைத்தான்.

பில்லுக்குள் என்ன இருக்க வேண்டும்?

எல்லா உறவும் ஒரே மாதிரி இல்லை. பில்லும் அதிலுள்ள வரிசைகளும் பிரிக்க முடியாதவை. பில்லையே நீக்கினால் வரிசைகளும் போய்விடும். இது ‘காம்போசிஷன்’. பில்லுக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ளது அப்படி இல்லை. பில் ரத்தானால் வாடிக்கையாளர் மறைந்துவிட மாட்டார்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. பில் வரிசையில் “பெயிண்ட், 2 டின்” என்று மட்டும் வைத்து, விலையையும் வரி விகிதத்தையும் ‘சரக்கு’ ஆப்ஜெக்ட்டிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் என்ன ஆகும்? 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறியது. 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலானவை 5 அல்லது 18 சதவீதத்துக்கு வந்தன. புதிய விகிதத்தை சரக்கில் மாற்றிவிட்டு, போன வருட பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால், பழைய விற்பனைக்குப் புது வரி வந்து நிற்கும். ஆடிட்டர் கேட்டால் பதில் இருக்காது.

அதனால் விற்ற நாளில் இருந்த விலை, வரி விகிதம், டெலிவரி முகவரி எல்லாவற்றையும் பில் தன்னிடமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு என்பது இன்றைய நிலை, பில் என்பது அன்றைய சாட்சி.

வரியை யார் கணக்குப் போட வேண்டும்?

‘விற்பவர் மாநிலமும் டெலிவரி மாநிலமும் ஒன்றா?’ என்ற கேள்வியை பில் போடும் திரையில் ஒருமுறை, ரிப்போர்ட்டில் ஒருமுறை, மொபைல் ஆப்பில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் எழுதினால், விதி மாறும்போது இரண்டு இடத்தில் திருத்தி ஒன்றை மறந்துவிடுவோம்.

விதி மாறுமா என்று கேட்டால், மாறியே இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்குச் சரக்கு விற்கும்போது எந்த ஊரைக் கணக்கில் எடுப்பது என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்டது. பில்லில் அவர் முகவரி இருந்தால் அந்த ஊர், இல்லாவிட்டால் விற்பவரின் ஊர். முகவரியாக மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் போதும்.

இதற்கு டிசைன் சொல்லும் தீர்வு, ‘வரி விதி’ என்று ஒரு தனி ஆப்ஜெக்ட். பில் அதனிடம் “இந்தத் தேதி, இந்த விற்பவர், இந்த வாங்குபவர், இந்த ஊர். என்ன வரி?” என்று கேட்கும். உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பில்லுக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்படி உள்விவரத்தை மூடி வைப்பது ‘என்கேப்சுலேஷன்’. 2023-க்கு முந்தைய விதி, பிந்தைய விதி என்று இரண்டு ஆப்ஜெக்ட்கள் இருந்து, ஒரே கேள்விக்கு இரண்டும் தத்தம் வழியில் பதில் சொன்னால் அது ‘பாலிமார்ஃபிசம்’.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் எண்களும் இப்படித்தான். சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம். பொறையார் கடைக்கு ஒரு வரம்பு, கோட்டுச்சேரிமேட்டுக் கடைக்கு ஒரு வரம்பு. ‘வரம்பு 40 லட்சம்’ என்று கோடின் நடுவில் எழுதிவைப்பவர், காரைக்கால் கடைக்காரருக்குத் தப்பான தைரியம் கொடுக்கிறார். அந்த எண் இருக்க வேண்டிய இடம், மாநிலத்துக்குரிய விதிக்குள்.

யூனியன் பிரதேசம், மாநிலத்தின் ‘பிள்ளை’யா?

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்றதும் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது ‘இன்ஹெரிட்டன்ஸ்’, அதாவது வாரிசு உறவு. தேர்வில் கேட்கிறார்கள், அதனால் எங்கே பார்த்தாலும் அதைப் போடத் தோன்றும்.

இப்படி யோசிக்கலாம். ‘நிலப்பகுதி’ என்று ஒரு தாய் கிளாஸ். அதன் கீழே ‘மாநிலம்’, ‘யூனியன் பிரதேசம்’ என்று இரண்டு பிள்ளைகள். மாநிலத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டியோடு எஸ்ஜிஎஸ்டி. யூனியன் பிரதேசத்துக்குள் விற்றால் சிஜிஎஸ்டியோடு யூடிஜிஎஸ்டி. பார்க்க அழகாக இருக்கிறது. சண்டிகர், லட்சத்தீவுக்குச் சரியாகவும் வேலை செய்யும்.

புதுச்சேரியில் உடையும். புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், ஆனால் அதற்குச் சட்டப்பேரவை உண்டு. ஜிஎஸ்டி சட்டம் ‘மாநிலம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே சட்டப்பேரவை உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்திருக்கிறது. அதனால் காரைக்காலில் எஸ்ஜிஎஸ்டிதான், யூடிஜிஎஸ்டி இல்லை. டெல்லி, ஜம்மு காஷ்மீருக்கும் இதே நிலை.

அமெரிக்கக் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-ல் முன்வைத்த கருத்து ஒன்று இங்கே கைகொடுக்கும். தாய் கிளாஸ் இருக்கும் இடத்தில் பிள்ளையை வைத்தால், எதிர்பார்த்த நடத்தை கெடக்கூடாது. ‘யூனியன் பிரதேசம் என்றால் யூடிஜிஎஸ்டி’ என்று வாக்குக் கொடுத்த கிளாஸில் புதுச்சேரியை வைத்தால் அந்த வாக்கு பொய்யாகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஜம்மு காஷ்மீர். 2019 அக்டோபர் 31 அன்று அது மாநிலம் என்ற நிலையில் இருந்து யூனியன் பிரதேசமாக மாறியது, லடாக் தனியாகப் பிரிந்தது. ஜாவா போன்ற மொழிகளில் ஒருமுறை ‘மாநிலம்’ கிளாஸில் உருவான ஆப்ஜெக்ட், பிறகு ‘யூனியன் பிரதேசம்’ கிளாஸுக்குத் தாவ முடியாது.

தீர்வு சிம்பிள். ‘நிலப்பகுதி’ என்று ஒரே கிளாஸ் போதும். ‘சட்டப்பேரவை உண்டா?’, ‘எந்த வரி விதி?’, ‘எந்தத் தேதியில் இருந்து?’ என்பவை அதன் தகவல்களாகவோ, அதனோடு இணைத்த ஆப்ஜெக்ட்களாகவோ இருக்கட்டும். மாறக்கூடியதை வாரிசு உறவில் பூட்டாமல், கழற்றி மாட்டும்படி வைப்பது. 1994-ல் நால்வர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ நூல் தரும் முக்கியமான அறிவுரைகளில் இதுவும் ஒன்று.

படம் போட்டால்தான் மாடலா?

யூஎம்எல் படங்கள் உதவியாக இருக்கும், ஆனால் படமே மாடல் ஆகிவிடாது. தொடக்கத்தில் மூன்று படங்கள் போதும்.

- யூஸ் கேஸ் படம்: யார், எதற்காக இந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள்?
- கிளாஸ் படம்: என்னென்ன பொருட்கள், அவற்றுக்குள் என்ன உறவு?
- சீக்வென்ஸ் படம்: ஒரு பில் போடும்போது யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள், எந்த வரிசையில்?

படத்துக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. 1989-ல் கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் இருவரும் அறிமுகப்படுத்திய சிஆர்சி அட்டை. ஒரு சின்ன அட்டையில் மேலே கிளாஸின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது உதவி கேட்கும் மற்ற கிளாஸ்கள். நான்கு நண்பர்கள் ஆளுக்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு, “நான்தான் பில். வரி விதியே, எனக்கு எவ்வளவு?” என்று நடித்துப் பார்க்கலாம். ஒரே ஆள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த கிளாஸுக்கு வேலை அதிகம், பிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஏஐ கோடு எழுதித் தருகிறதே, இது இன்னும் தேவையா?

‘ஜிஎஸ்டி பில் போடும் ஆப் வேண்டும்’ என்று கேட்டால் இன்றைய ஏஐ கருவிகள் சில நிமிடங்களில் கோடு எழுதித் தந்துவிடும். சொல்லாத இடங்களை அவை பொதுவாக நடக்கும் வழக்கத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும். அந்தப் பொது வழக்கத்தில் காரைக்கால் ஒரு விதிவிலக்கு.

நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்பதைக் கருவியிடம் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். என்ன கேட்க வேண்டும், வந்த கோடில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டையும்தான் மாடலிங் பாடம் பழக்குகிறது. எல்லையோர ஊரில் வளர்ந்த ஒரு மாணவருக்கு, இந்த விஷயத்தில் பெருநகர மாணவரைவிட ஒரு படி அதிகமாகவே தெரியும்.

வீட்டிலிருந்தே பழகுவது எப்படி?

பெரிய புராஜெக்ட் தேவையில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசி, அவர் சொன்னதை எழுதி, பெயர்ச்சொல், வினைச்சொல் பிரித்து, அட்டை போட்டு, பிறகு கிளாஸ் படம் வரையலாம். அவர் வேலையில் ‘எப்பவும் இப்படித்தான்’ என்று சொல்லும் இடங்களில் எல்லாம், “அப்படி இல்லாத நாள் ஏதாவது உண்டா?” என்று கேட்பது முக்கியம். மாடலின் ஓட்டைகள் அந்தப் பதிலில்தான் வெளியே வரும்.

மாடல் தயாரானதும், கோட்டுச்சேரிமேட்டுக் கடையை விற்பவராக வைத்து, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிகளுக்குச் சரக்கை டெலிவரி செய்வதாக இந்தச் சோதனைகளைப் போட்டுப் பார்க்கலாம். அடைப்புக்குறிக்குள் இருப்பது வரவேண்டிய விடை.

1. காரைக்கால் டவுனுக்கு டெலிவரி (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி).
2. பொறையாருக்கு டெலிவரி (ஐஜிஎஸ்டி).
3. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாடு வழியாகப் போய்ச் சேரும் புதுச்சேரி நகரத்துக்கு டெலிவரி (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி).
4. கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கு டெலிவரி (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி).
5. சண்டிகருக்கு டெலிவரி (ஐஜிஎஸ்டி).
6. 2025 செப்டம்பருக்கு முந்தைய பில்லை இன்று மறுபடி பிரிண்ட் எடுப்பது (அன்றைய விகிதம், அன்றைய முகவரி, ஒரு பைசா மாறாமல்).

ஆறுக்கும் சரியான விடை வந்தால், அந்த மாடலை நம்பி அடுத்த வேலைக்குப் போகலாம். மூன்றாவதிலும் நான்காவதிலும் சறுக்கினால், எங்கோ ஒரு மூலையில் தூரத்தையோ பின்கோடையோ மாநிலம் என்று நினைத்து எழுதிய ஒரு வரி இருக்கிறது. முதலில் தேட வேண்டியது அதைத்தான்.